புதுச்சேரிக் கடையில் வாங்கிய கம்பிப் பெண் கால்டர் செய்ததா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இப்படி வரும்: புதுச்சேரியில் ஒரு பழைய சாமான் கடையில், கறுப்புக் கம்பியை வளைத்துச் செய்த ஒன்றரை அடி உயரப் பெண் உருவம் ஒன்றைக் கொஞ்சம் கூடுதலாகவே விலை கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள். கைகளைத் தூக்கி ஆடுகிற மாதிரி நிற்கிறாள், முகத்தில் கண் மூக்கு எதுவும் இல்லை, மார்பும் வயிறும் வெறும் சுருள்கள், கீழே மரப்பீடம். ஒரு பிரெஞ்சுக் குடும்பம் காலி செய்த வீட்டிலிருந்து வந்தது என்று கடைக்காரர் சொன்னார். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தபோது அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் என்ற பெயரும் அவர் கம்பியில் செய்த நடனக்காரர் ஜோசஃபின் பேக்கரின் உருவங்களும் கண்ணில் பட்டன, அவர் இந்தியாவுக்கு வந்திருக்கிறார் என்றும் படித்தீர்கள். அதனால் இது அவர் செய்ததா, என்ன விலை போகும், அங்கங்கே பிடித்திருக்கும் துருவை எடுத்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். மூன்று கேள்விகளாக எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான் என்று தோன்றுகிறது: நான் ஏமாந்தேனா, இல்லை எனக்கு அதிர்ஷ்டம் அடித்திருக்கிறதா? இரண்டும் இல்லை என்பதுதான் என் பதில், ஆனால் ஏன் என்று சொல்லக் கொஞ்சம் இடம் வேண்டும்.

நான் சென்னையில் சிற்பம் படித்தவன். படித்த நாளிலிருந்து உலோகம்தான் என் பக்கம். சொந்தமாகச் செய்வது பாதி, மற்றவர்கள் வளைத்தும் உடைத்தும் கொண்டுவருவதைச் சரிசெய்வது பாதி என்று பல வருடம் ஓடிவிட்டது. கலைச் சந்தை ஆள் இல்லை, ஏல நிறுவனத்தில் வேலை பார்த்ததும் இல்லை. அதனால் விலை விஷயத்தில் என் பேச்சை அதிகம் நம்ப வேண்டாம். கம்பியை யார் எப்படி வளைத்தார்கள், எதை வைத்துப் பிடித்தார்கள், எங்கே ஒட்டினார்கள் என்பதைப் பற்றி மட்டும் தைரியமாகப் பேசுவேன். நீங்கள் போட்டிருக்கும் நான்கு படங்களில் கழுத்துக்குப் பின்பக்கம் எடுத்த அந்த மங்கலான படம்தான் எனக்கு அதிகம் சொல்லியது. முன்பக்கப் படம் அழகாக இருக்கிறது, அதனால் பெரிதாகப் பயனில்லை.

முதலில் இந்தியா விஷயம். அது கதை இல்லை, நடந்ததுதான். 1955 தொடக்கத்தில் கால்டரும் அவர் மனைவி லூயிசாவும் இந்தியா வந்தார்கள். அழைத்தவர் அகமதாபாத் சாராபாய் குடும்பத்தைச் சேர்ந்த கீரா சாராபாய். ஊர் சுற்றிக் காட்டுகிறோம், பதிலுக்குச் சில சிற்பங்கள் செய்து தாருங்கள் என்பது ஏற்பாடு. வந்தவர் சாராபாய் வீட்டு வளாகத்திலேயே தங்கி வேலை செய்தார், சில நகைகளும் செய்தார். ஆனால் அங்கே அவர் செய்த சிற்பங்கள் பெரும்பாலும் தகட்டை வெட்டி, வண்ணம் அடித்து, கம்பித் தண்டுகளில் சமன் பார்த்துத் தொங்கவிட்டவை, அதாவது மொபைல் வகை. மனித உருவம் அந்த நேரத்தில் அவருடைய பிரதான வேலையே இல்லை. 1930 அக்டோபரில் பாரிஸில் ஓவியர் மோந்திரியானின் ஸ்டுடியோவுக்குப் போய்வந்த பிறகு அவர் பெரும்பாலும் அருவ வடிவங்களுக்குப் போய்விட்டார். அடுத்த வருடமே அவருடைய அசையும் சிற்பங்களுக்குக் கலைஞர் மார்செல் துஷாம்ப் ‘மொபைல்’ என்று பெயர் வைத்தாகிவிட்டது. ஆக, அகமதாபாத்தில் செய்தது எப்படியோ புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தது என்ற வழி அடைபடுகிறது. மிச்சம் இருப்பது ஒரே வழி: 1920களின் பாரிஸில் அவரிடமிருந்து யாரோ வாங்கி, அது குடும்பத்தோடு கப்பலேறி வந்திருக்க வேண்டும். நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அப்படி வந்திருந்தால் உருவம் அந்தக் காலத்துக் கால்டர் மாதிரி இருக்க வேண்டும், அதுவும் பார்வைக்கு இருந்தால் போதாது, செய்முறையில் இருக்க வேண்டும்.

அந்தக் காலத்துக் கால்டர் எப்படி? அவர் 1898இல் பிறந்தவர். அப்பாவும் சிற்பி, தாத்தாவும் சிற்பி; பிலடெல்ஃபியா நகர மன்றக் கட்டடத்தின் உச்சியில் நிற்கிற பிரம்மாண்டமான வெண்கல வில்லியம் பென் சிலை தாத்தா செய்தது. பேரன் முதலில் மெக்கானிக்கல் என்ஜினியரிங் படித்து 1919இல் பட்டம் வாங்கினார், அப்புறம்தான் ஓவியம் படிக்கப் போனார். ஒரு பத்திரிகைக்காகக் கோட்டோவியம் போட்டுக்கொண்டிருந்தார், சர்க்கஸுக்குப் போய் மிருகங்களை விறுவிறுவென்று வரைந்து தள்ளினார். 1925இல் நியூயார்க்கில் இருந்த அறையில் கடிகாரம் இல்லை என்று கம்பியில் ஒரு சேவல் செய்து, அதன் நிழலை வைத்து மணி பார்க்கிற மாதிரி வைத்தார். கம்பியில் அவருடைய ஆரம்பம் அதுதான். 1926இல் பாரிஸுக்குப் போனார். அப்போது பாரிஸே ஜோசஃபின் பேக்கர் பின்னால் பைத்தியமாக அலைந்துகொண்டிருந்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் பிறந்த கறுப்பின நடனக்காரர், 1925இல் பாரிஸ் மேடை ஏறி ஒரே வருடத்தில் ஊரைப் பிடித்துவிட்டவர். கால்டர் அவரைக் கம்பியில் ஒருமுறை அல்ல, திரும்பத் திரும்பச் செய்தார். ஒன்று நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது, சுமார் 1927, எஃகுக் கம்பி, உயரம் 99 செ.மீ. இன்னொன்று பாரிஸின் போம்பிடு மையச் சேகரிப்பில். 1928இல் நியூயார்க்கில் அவருடைய கம்பிச் சிற்பங்களுக்கென்றே முதல் தனிக் கண்காட்சியும் நடந்தது.

நியூயார்க்கில் இருக்கிற அந்தப் பெண்ணை நீங்கள் எப்போதாவது நேரில் பார்க்கக் கிடைத்தால் முகத்தைப் பார்க்க வேண்டாம், மார்பைப் பாருங்கள். தப்பாக நினைக்காதீர்கள், வேலைக்காரனின் கண்ணோடு சொல்கிறேன். கொசுவர்த்திச் சுருளை நடுவில் பிடித்து முன்னால் இழுத்தால் எப்படிக் கூம்பாக நிற்குமோ அப்படி நிற்கும் சுருள்கள் அவை. சுருளின் ஒவ்வொரு சுற்றுக்கும் இடைவெளி ஒரே சீராக இருக்காது. உள்ளே நெருங்கி, வெளியே தளர்ந்து, கடைசிச் சுற்று அப்படியே ஓடி உடம்பின் கோடாக மாறிவிடும். சுருள் எங்கே முடிந்தது, விலா எங்கே ஆரம்பித்தது என்று விரலால் காட்ட முடியாது. கம்பி ஒரு பக்கம் புறப்பட்டால் யோசித்துக்கொண்டே போய், இடுப்பைச் சுற்றி, தொடையில் இறங்கி, முழங்காலில் ஒரு சின்ன மடிப்புப் போட்டுவிட்டுத் திரும்பி வரும். இந்த உருவத்துக்குப் பீடமும் கிடையாது. மேலிருந்து தொங்கும். பக்கத்தில் யாராவது நடந்தால், காற்று வீசினால் லேசாக நடுங்கும். சுவரில் விழுகிற நிழல் இன்னொரு ஆட்டம் ஆடும். நடனக்காரியைச் செய்தவர் ஆட்டத்தையும் சேர்த்தே செய்துவிட்டார் என்பதுதான் அதில் பெரிய விஷயம். பிறகு வந்த மொபைல் எல்லாம் இங்கேயே முளைவிட்டுவிட்டது என்பது என் எண்ணம், இதை நிரூபித்துக் காட்டு என்றால் முடியாது.

இப்போது இணைப்புகளுக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு அங்கேதான் பதில். கம்பியில் உருவம் செய்கிறவனுக்கு இரண்டு துண்டுகளைச் சேர்க்க மூன்று நான்கு வழிதான் உண்டு. ஒன்றை ஒன்றின்மேல் சுற்றி முறுக்கலாம். ஈயம் வைத்துப் பற்றவைக்கலாம். பித்தளை வைத்துப் பற்றவைக்கலாம், அது இணைப்பில் மஞ்சளாகத் தெரியும். இல்லையென்றால் வெல்டிங். கால்டரின் 1920களின் கம்பி உருவங்களில் இணைப்பு என்பது பெரும்பாலும் முறுக்குதான்: பட்டறை வேண்டாம், நெருப்பு வேண்டாம், பையில் ஒரு குறடும் ஒரு கம்பிச் சுருளும் இருந்தால் நண்பர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே வேலை முடிந்துவிடும். 1929இல் பாரிஸ் ஓவியர்களுக்கு மாடலாக இருந்த மோன்பர்னாஸ் கிகியை எதிரில் உட்காரவைத்து அவர் முகத்தைக் கம்பியில் வளைப்பதைச் சினிமாவாகவே எடுத்திருக்கிறார்கள். அந்த முறுக்குகளை அவர் மறைக்கவும் இல்லை. கழுத்தில் இரண்டு சுற்று முறுக்கு வந்தால் அது மாலை மாதிரி ஆகிவிடும், மணிக்கட்டில் வந்தால் வளையல். தேவையை அலங்காரமாக்கிவிடுவார்.

வெல்டிங் வழியில் போனவர்களும் அதே ஊரில் அதே காலத்தில் இருந்தார்கள். ஹூலியோ கொன்ஸாலெஸ் பார்சிலோனாவில் உலோக வேலை செய்யும் குடும்பத்தில் வந்தவர். 1918இல் பாரிஸ் அருகே ரெனோ தொழிற்சாலையில் வேலை செய்தபோது கேஸ் வெல்டிங் கற்றுக்கொண்டார். 1928இல் பிக்காஸோ, கவிஞர் அப்போலினேருக்கு நினைவுச் சின்னம் செய்ய வேண்டும் என்று கம்பிக் கோடுகளாலேயே ஒரு உருவத்தை யோசித்தபோது, அதற்கு வெல்டிங் கையாக இருந்தவர் இந்தக் கொன்ஸாலெஸ்தான். மாதிரிகள் சின்னவை, இரண்டு அடி கூட வராது. நினைவுச் சின்னக் குழு அதை ஏற்கவில்லை. இன்று அவற்றைப் பார்த்தால் நேர்க்கம்பிகளும் வளைவுகளும் கூண்டு மாதிரி பின்னிக்கொண்டு, நடுவில் ஒரு ஆள் நிற்பது மெல்லத்தான் தெரியும். கால்டரின் கம்பி ஒரு மனிதரைச் சுற்றி ஓடுகிற கோடு, பிக்காஸோவுடையது ஒரு மனிதருக்குள் கட்டிய சாரம். இரண்டும் கம்பிதான், இரண்டும் மனித உருவம்தான், ஆனால் கை வேறு, மூளை வேறு. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், தேடுபொறியில் ஒரே பெயர் வந்து நிற்பதால் கம்பி என்றாலே கால்டர் என்று முடிவுகட்ட வேண்டாம் என்பதற்குத்தான்.

சரி, உங்கள் பெண்ணிடம் வருவோம். கழுத்துக்குப் பின்னால் ஒரு சின்ன உருண்டை தெரிகிறது, அதன்மேல் கறுப்பு பெயின்ட் கொஞ்சம் தடிமனாக இருக்கிறது. அது வெல்டிங் பொட்டு. பக்கத்தில் ஊசிமுனை அளவு இரண்டு மூன்று துளிகள் ஒட்டியிருக்கின்றன, எலக்ட்ரிக் வெல்டிங்கில் தெறிக்கிற பொறிகள் குளிர்ந்தால் அப்படித்தான் ஒட்டும். செய்தவர் அதைத் தேய்க்க முயன்று, கம்பி மெலிந்துவிடும் என்று பயந்து, பெயின்ட் அடித்து மூடிவிட்டார். இரண்டு தோள்களிலும் அதே. ஆக இந்த உருவம் கழுத்து, இரண்டு கை, உடம்பு என்று தனித்தனியாக வளைத்துப் பிறகு சேர்த்தது. 1920களின் கால்டர் இப்படி வேலை செய்யவில்லை. இதை நான் உறுதியாகவே சொல்வேன். உறுதியில்லாத இடம் ஒன்று இருக்கிறது: பழுது. கழுத்து ஒடிந்து, பின்னாளில் யாரோ வெல்டிங் கடையில் கொடுத்து ஒட்டியிருக்கலாம் அல்லவா? இருக்கலாம். ஆனால் ஒடிந்தால் ஒரு இடத்தில் ஒடியும். கழுத்திலும் இரண்டு தோளிலும் ஒரே மாதிரிப் பொட்டு, ஒரே மாதிரித் தெறிப்பு என்றால் அது பழுது இல்லை, பிறவி.

அடுத்தது சுருள்கள். உங்கள் முன்பக்கப் படத்தைப் பெரிதாக்கி, இரண்டு மார்புச் சுருளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். சுற்று எண்ணிக்கை ஒன்று, இடைவெளி ஒன்று, முடிகிற இடமும் ஒன்று. வெறும் கையால் வளைத்த இரண்டு சுருள் இவ்வளவு பொருந்தாது. ஒரு பலகையில் ஆணி அடித்து வைத்துக்கொண்டோ ஒரு உருளையைச் சுற்றியோ வளைத்தால்தான் இப்படி வரும். அச்சு ஒன்று இருந்தால் வேலை ஒரு பெண்ணோடு நின்றிருக்காது, இவளுக்கு அக்கா தங்கைகள் இருப்பார்கள். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. அச்சு வைத்துக்கொள்கிற நல்ல சிற்பிகளும் உண்டு, அதனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. வெல்டிங்கோடு சேர்த்துப் பார்க்கும்போது எடை கூடுகிறது, அவ்வளவுதான். குறடு பிடித்த தடத்தையும் பாருங்கள்: கட்டைவிரலால் வளைத்தால் வளைவு அகலமாக, தடமில்லாமல் இருக்கும், மூக்குக் குறடால் பிடித்துத் திருகினால் உள்பக்கத்தில் பற்கள் பதிந்த சின்னச் சின்னப் பள்ளம் இருக்கும். கையால் யோசித்துக்கொண்டே செய்கிறவரின் உருவத்தில் இந்தத் தடங்கள் ஒழுங்கில்லாமல், மூலைகளில் மட்டும், சில இடத்தில் இரண்டு முறை முயன்றதற்கான அடையாளத்தோடு இருக்கும். உங்களுடையதில் பெயின்ட் தடிமனால் இது தெரியவில்லை.

கம்பியின் தடிமனும் பேசும். நீங்கள் ஸ்கேல் வைத்து எடுத்த படத்தில் கிட்டத்தட்ட 3 மி.மீ. தெரிகிறது, அதாவது 10 அல்லது 11 கேஜ். கம்பியின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும், 1 மி.மீ. கம்பியைவிட 2 மி.மீ. கம்பி பதினாறு மடங்கு விறைப்பு, 3 மி.மீ. எண்பத்தொரு மடங்கு. ஒன்றரை அடி உருவத்துக்கு 3 மி.மீ. போட்டால் அது அசையவே அசையாது, புத்தகம் விழாமல் தாங்கும். அப்படி ஒரு கம்பியை உட்கார்ந்த இடத்தில் குறடால் சுருளாக்குவதும் சாமானியமான வேலை இல்லை, இறுக்கிப் பிடிக்க மேஜையில் பொருத்திய வைஸ் வேண்டும். அதே கம்பியை ஒரே இடத்தில் இரண்டு மூன்று முறை மாற்றி மாற்றி வளைத்தால் அந்த இடம் இறுகிப்போய், அப்புறம் ஒரு திருகலில் ஒடிந்துவிடும். அதனால்தான் தடிமனான கம்பியில் செய்கிறவர்கள் முதலில் காகிதத்தில் கோடு போட்டு, துண்டு துண்டாக வளைத்துச் சேர்ப்பார்கள். உங்கள் உருவத்தைச் செய்தவரும் அப்படித்தான் செய்திருக்கிறார். மெல்லிய கம்பிக்காரர் கோடு போடாமல் நேராகக் கம்பியிலேயே யோசிக்கலாம்.

‘துரு இவ்வளவு இருக்கிறதே, அப்படியானால் பழையதுதானே’ என்று கேட்டிருந்தீர்கள். துருவை வைத்து வயது சொல்லாதீர்கள், அதுவும் புதுச்சேரியில். கடல் உப்பும் ஈரமும் சேர்ந்தால் பெயின்ட் ஒரு இடத்தில் பெயர்ந்த இரும்பு ஒரே மழைக்காலத்தில் கிழவி வேஷம் போட்டுவிடும். வயது பார்க்க வேண்டுமானால் பீடத்தைத் திருப்புங்கள். அடியில் இருக்கும் திருகாணியின் தலையில் ஒரே கோடா, நட்சத்திரமா? நட்சத்திரத் தலைத் திருகாணி 1930களின் நடுவில் அமெரிக்காவில் வந்தது, நம் ஊர்ச் சாமான்களில் வெகுகாலம் கழித்துத்தான் பரவியது. அது இருந்தால் 1920கள் என்ற பேச்சே இல்லை. ஒரே கோடு இருந்தால் ஒன்றும் தெரியாது, அது இன்றும் கடையில் கிடைக்கிறது. பீடம் ஒரே கட்டையா, பிளைவுட்டா, எம்.டி.எஃப். பலகையா என்று ஓரத்தைப் பாருங்கள். இடது கால் பீடத்தில் இறங்குகிற இடத்தில் சாம்பல் நிறமாக எம்-சீல் மாதிரி ஒன்று அடைத்திருப்பது படத்தில் தெரிகிறது. அது பிற்காலத்தில் யாரோ ஆடுகிற காலை நிறுத்த வைத்ததாகவும் இருக்கலாம், முதலிலேயே வைத்ததாகவும் இருக்கலாம். இதில் நான் எந்தப் பக்கமும் சாய மாட்டேன்.

அப்படியானால் யார் செய்தது? பெயர் சொல்ல முடியாது, வட்டாரம் சொல்ல முயல்கிறேன். இந்தியாவில் கறுப்பு இரும்பில் ஒல்லியான, கண் மூக்கில்லாத மனித உருவம் என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது சத்தீஸ்கரின் கொண்டாகாவ் பக்கத்து பஸ்தர் இரும்பு வேலை. அது உங்களுடையது இல்லை. அங்கே இரும்பைக் காய்ச்சி அடித்து நீட்டுவார்கள், சம்மட்டி அடித்த தட்டையான முகங்கள் கைக்கே தெரியும், தடிமன் இடத்துக்கு இடம் மாறும். உங்கள் கம்பி தலைமுதல் கால்வரை ஒரே விட்டம், ஆலையில் இழுத்த கம்பி. அடுத்தது ஏற்றுமதி அலங்காரப் பொருள். மொராதாபாத் பித்தளைக்குத்தான் பெயர்போன ஊர், ஆனால் இரும்பு அலங்காரச் சாமான்களும் அங்கிருந்து வெளிநாட்டுக்கு நிறையப் போகின்றன, அவற்றில் மிஞ்சியது உள்ளூர்க் கடைகளுக்கும் வரும். அச்சு வைத்த சுருள், தடிமனான கறுப்பு பெயின்ட், பொட்டு வெல்டிங் எல்லாம் அந்தப் பக்கம்தான் கை காட்டுகின்றன. வெளிநாட்டிலும் இதே கதை உண்டு: அமெரிக்காவில் 1960களிலிருந்து ‘சி. ஜெரே’ என்று கையெழுத்திட்ட உலோக அலங்காரச் சிற்பங்கள் வீட்டுக்கு வீடு சுவரில் தொங்கின, ஜெரே என்று ஒரு சிற்பி இருப்பதாகப் பலர் இன்றும் நம்புகிறார்கள். கர்ட்டிஸ் ஃப்ரைலர், ஜெர்ரி ஃபெல்ஸ் என்ற இரண்டு பேர் தங்கள் பெயர்களைச் சேர்த்து உருவாக்கிய வணிகப் பெயர் அது. வேலை பட்டறையில் பல கைகளால் நடந்தது. நல்ல பொருள்தான், வாங்குகிறவர்கள் இன்றும் வாங்குகிறார்கள்.

எனக்கு ஏற்றுமதிச் சாமான் என்று முழுதாகச் சொல்லிவிட மனம் வராததற்குக் காரணம் அந்த வலது கை. மற்ற எல்லாம் அச்சு மாதிரி இருக்க, வலது முழங்கையில் மட்டும் கம்பி ஒருமுறை தப்பான பக்கம் வளைந்து திரும்பி வந்திருக்கிறது, அதை வெட்டி எறியாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். அந்தத் தடுமாற்றம் அந்தக் கைக்கு நல்ல எலும்பு கொடுக்கிறது. பட்டறையில் நாளுக்கு இத்தனை என்று செய்கிறவர் அதை ஒதுக்கியிருப்பார். அதனால் இரண்டாவது சாத்தியம்: ஏதாவது ஒரு கலைக் கல்லூரி மாணவர் வேலை, அல்லது ஒரு தனிச் சிற்பி விற்பனைக்காக நாலைந்து செய்ததில் ஒன்று. சிற்பப் பிரிவில் கம்பியில் மனித உருவம் வளைப்பது சாதாரணப் பயிற்சி; களிமண் உருவத்துக்குள் வைக்கிற கம்பிச் சட்டகத்தையே கொஞ்சம் ஒழுங்காக வளைத்தால் அது தனியாக ஒரு சிற்பமாக நின்றுவிடும்.

இந்த இடத்தில் யாராவது உங்களிடம் ‘சோழமண்டலம் ஆட்கள் வேலையாக இருக்கலாம்’ என்று சொல்வார்கள், அதையும் இப்போதே பேசிவிடலாம். 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சென்னைக்குத் தெற்கே ஆரம்பித்த அந்த ஓவியர் கிராமத்தைச் சுற்றி நல்ல உலோகச் சிற்பிகள் வந்தார்கள். பி.வி. ஜானகிராம், எஸ். நந்தகோபால் ஆகியோரைச் சொல்லாமல் தமிழ்நாட்டில் உலோகச் சிற்பம் பற்றிப் பேச முடியாது. ஆனால் ஜானகிராமின் வேலை முக்கியமாகச் செம்புத் தகடு. தகட்டை அடித்து உருவத்தின் முன்பக்கத்தை எடுத்து, அதன்மேல் கம்பிக் கோடுகளை ஓடவிட்டுப் பற்றவைத்து ஆடை, நகை, முகம் எல்லாம் கொண்டுவருவார். கோவில் உற்சவ மூர்த்திக்குக் கவசம் சாத்தியது மாதிரி முன்னால் பார்த்து நிற்கும். நந்தகோபாலும் செம்பு, பித்தளைப் பக்கம்தான் அதிகம். கம்பி அங்கே தகட்டின் மேல் நகர்கிற கோடு. உங்களுடையதில் தகடே இல்லை, வெறும் இரும்பு. அந்தப் பெரியவர்கள் யாருடைய வேலையும் இது மாதிரி எனக்குத் தெரியவில்லை. அவர்களைப் பார்த்து வளர்ந்த யாரோ ஒருவர் என்றால் மறுக்க மாட்டேன், அது பாதித் தமிழ்நாட்டுக்குப் பொருந்தும்.

கையெழுத்து இல்லை என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். இதற்காக வருத்தப்பட வேண்டாம். கால்டர் பல கம்பி உருவங்களில் தன் பெயரையே கம்பியில் வளைத்துச் சேர்த்திருக்கிறார் என்பது உண்மை, ஆனால் அதே பெயரை வளைக்க எனக்குப் பத்து நிமிடம் போதும், உங்களுக்கு அரை மணி. கால்டர் விஷயத்தில் சந்தை பார்ப்பது வேறொன்றை: நியூயார்க்கில் இருக்கிற கால்டர் ஃபவுண்டேஷனின் பதிவு எண். அவருடைய 22,000க்கு மேற்பட்ட படைப்புகளை அவர்கள் ஆவணப்படுத்தியிருக்கிறார்கள், ஏல அட்டவணைகளில் ஏ என்ற எழுத்தில் தொடங்கும் அந்த எண்ணைப் போடுவார்கள். அது இல்லாமல் பெரிய ஏலக்காரர்கள் கையில் எடுப்பது சந்தேகம்தான். உங்கள் உருவத்தை அங்கே அனுப்பிப் பார்க்கலாமா என்றால், இந்த வெல்டிங் பொட்டுகளோடு அனுப்பினால் தபால் செலவுதான் மிச்சம். விலை? அலங்காரப் பொருளாக நீங்கள் கொடுத்ததில் பெரும்பகுதி திரும்பி வரலாம், வராமலும் போகலாம். கடைக்காரர் ‘கால்டர்’ என்று சொல்லி விற்கவில்லை, பிரெஞ்சு வீடு என்று மட்டும்தான் சொன்னார்; அந்த வீட்டில் இது இருந்தது என்பது உண்மையாகவே இருக்கலாம். பிரெஞ்சுக்காரர் வீட்டிலும் மொராதாபாத் சாமான் இருக்கும்.

துரு. இதில்தான் உடனே கவனிக்க வேண்டும், ஏனென்றால் நாளைக்கே யாராவது உங்களுக்கு உப்புத்தாளையும் துரு எடுக்கிற திரவத்தையும் கையில் கொடுத்துவிடுவார்கள். வேண்டாம். எலுமிச்சை, புளி எல்லாம் பித்தளைக் குத்துவிளக்கோடு நிற்கட்டும், இரும்பில் புளி வைத்தால் ஓரங்களில் ஈரமும் அமிலமும் பெயின்ட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்து, நீங்கள் துடைத்து முடித்த மறுவாரம் புதிய துருவாக வெளியே வரும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், தூசியைப் பிடித்துப் பிசுக்காகிவிடும். மென்மையான காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தட்டித் தூசியை எடுங்கள். ஆரஞ்சு நிறத்தில் பொடியாக உதிர்கிற துரு மட்டும் வரட்டும், ஒட்டிக்கொண்டிருக்கிற அடர்பழுப்பு இருக்கட்டும், அது ஒன்றும் செய்யாது. பிறகு ஹேர் டிரையரை மிதமான சூட்டில் வைத்து ஈரத்தை ஓட்டிவிட்டு, மைக்ரோகிறிஸ்டலின் மெழுகு கிடைத்தால் பருத்தித் துணியில் கொஞ்சம் எடுத்து மெல்லிய பூச்சாகத் தடவி, ஆறியதும் துடையுங்கள். அருங்காட்சியகங்களில் இரும்புக்கு இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். கடல் பார்த்த ஜன்னல் பக்கம் வைக்காதீர்கள். இன்னொன்று, இடது மணிக்கட்டு கொஞ்சம் வளைந்திருப்பதைக் கையால் நிமிர்த்தத் தோன்றும். அந்த இடம் முன்பே ஒருமுறை வளைந்து இறுகியிருக்கிறது, குளிர்ந்த கம்பியில் திரும்ப நிமிர்த்தினால் ஒடிய வாய்ப்பு அதிகம். வளைந்தபடியே இருக்கட்டும்.

விற்கலாமா என்று கேட்டால், நானாக இருந்தால் விற்க மாட்டேன், அந்த முழங்கைக்காகவே வைத்துக்கொள்வேன். அது என் ருசி. முடிந்தால் இன்னும் சில படங்கள் போடுங்கள்: பீடத்தின் அடிப்பக்கம் திருகாணியோடு, இரண்டு தோள் இணைப்புகளும் பக்கவாட்டு வெளிச்சத்தில், வலது முழங்கை கிட்டத்தில். பிரிட்ஜில் ஒட்டுகிற காந்தம் ஒன்றைக் கம்பியில் வைத்துப் பாருங்கள், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஒட்டுகிறதா என்று சொல்லுங்கள். சுருள்களில் மட்டும் ஒட்டாவிட்டால் அவை வேறு உலோகம், அப்போது நான் மேலே சொன்னதில் பாதியைத் திரும்ப யோசிக்க வேண்டியிருக்கும். வெட்டிய கம்பி முனை எங்காவது பெயின்ட் இல்லாமல் தெரிந்தால் அதையும் எடுங்கள், வெளிப்பக்கம் வெள்ளிச் சாம்பலாக ஒரு வளையம் இருந்தால் அது துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பி. அப்புறம் அந்தக் கடைக்காரரிடம் இன்னொரு முறை போய், இதே மாதிரி வேறு ஏதாவது வந்ததா என்று சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள், வாங்குகிற முகம் காட்டாமல்.